வலப்பக்கக் குறிப்புகள்

எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இடப்பக்கத்தில் அடிக்கோல் வைத்து ஐந்து கட்டம் போட்டேன்: தேதி, நேரம், மாத்திரை, கொடுத்தவர், நாடி. வலப்பக்கத்தில் கோடு எதுவும் போடவில்லை. கட்டத்துக்குள் அடங்காதது ஏதாவது வந்தால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்.

அம்மாவுக்கு 78 வயது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அல்சைமர் என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. நோட்டு வாங்கியது இந்தத் தை மாதம்தான். இரண்டு வருஷம் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

*

தை. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்.

நேற்றிரவு நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

அண்ணன் குடும்பம் சென்னையிலிருந்து வந்திருந்தது. வீடு நிறைய ஆட்கள். ஒன்பது மணிக்கு நான் கொல்லையில் பொங்கல் பானைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த அண்ணன், ஜன்னல் மேடையில் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறான். ராத்திரி மாத்திரை என்று அவனுக்குத் தெரியும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. அரை மணி கழித்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நான் போனேன்.

"மாத்திரை போட்டுக்கம்மா."

"இப்பத்தானே பெரியவன் குடுத்தான்."

தினமும் அவள் சொல்கிற பேச்சு அது. இப்பத்தானே சாப்பிட்டேன், இப்பத்தானே குளிச்சேன், இப்பத்தானே மாத்திரை போட்டேன். எத்தனையோ ராத்திரி கேட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் அது நடக்காத ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. "அது நேத்தும்மா" என்றேன். அவள் 'பெரியவன்' என்று ஆளைச் சொன்னதைக்கூட நான் காதில் வாங்கவில்லை. அதற்கு முந்தின நாள் அண்ணன் ஊருக்கே வந்திருக்கவில்லை என்பதும் உறைக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

விடிகாலை நான்கு மணிக்கு வாந்தி. நிற்கவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை, வாயில் எச்சில் ஊறி வழிகிறது, கை ஜில்லென்று இருக்கிறது. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 48. அண்ணன் எழுந்து வந்து, "ராத்திரி மாத்திரைகூடப் போட்டாங்களே" என்றபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், மத்தியானம் வரை படுக்கவைத்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னார்: அந்த ராத்திரி மாத்திரை, டோனெபெசில், உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 70 மணி நேரம் ஆகும். ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை, முந்தைய நாட்களுடையது இன்னும் உள்ளே இருக்கும். விட்டுப்போயிற்றே என்று மறுநாள் இரண்டாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும், கொடுக்காமல் விடுவதே மேல்.

இந்த ஒரு வாக்கியம் நேற்றிரவு எனக்குத் தெரிந்திருந்தால்!

ஆனால் என்னை உறுத்துவது அதுவல்ல. அம்மா சரியாகச் சொன்னாள். நழுவிக்கொண்டே இருக்கும் நாட்களுக்கு நடுவில் ஒரு விஷயம் அவள் கையில் நின்றது. யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்பதோடு நின்றது. அதைத்தான் நான் இல்லை என்று சொன்னேன்.

*

தை. பௌர்ணமி.

இந்த மாத்திரை என்ன செய்கிறது என்று முதல் நாளே கேட்டிருக்கலாம். இப்போதுதான் கேட்டேன்.

ஒரு நரம்பணு இன்னொன்றிடம் பேச ஒரு ரசாயனம் வேண்டும். அசிட்டைல்கோலின் என்று பெயர். செய்தி போய்ச் சேர்ந்ததும் ஒரு நொதி வந்து அதைக் கரைத்துவிடும். அல்சைமரில் இந்த ரசாயனத்தைச் சுரக்கும் அணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன. டோனெபெசில் அந்த நொதியின் கையைப் பிடித்து நிறுத்துகிறது. மிச்சம் இருப்பது கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கட்டும் என்பதுதான் கணக்கு. போன அணு திரும்புவதில்லை. நோயின் போக்கும் நிற்பதில்லை.

அண்ணனுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப எதுக்குக் குடுக்கணும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. போன வருஷம் நாங்களாகவே பத்து நாள் நிறுத்திப் பார்த்தோம். அம்மா புடவை கட்டுகிற வரிசையை மறந்தாள், பாவாடைக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள். மறுபடி ஆரம்பித்தபோது, நேராக 10 மி.கி. போகாமல் 5 மி.கி.யிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் கூட்டினார்கள். குடலும் இதயமும் பழகிக்கொள்ள அந்த நாட்கள் வேண்டும். எல்லாருக்கும் இந்த மருந்து உதவும் என்று நான் சொல்ல மாட்டேன். உதவவில்லை என்றால் மருத்துவரே நிறுத்தலாம். நாமாக நிறுத்துவதும் நாமாகத் தொடங்குவதும்தான் கூடாது.

இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் எய்சாய் நிறுவனத்தில் இருந்த ஹச்சிரோ சுகிமோட்டோ. அவருடைய அம்மாவுக்கே மறதி நோய் வந்திருந்தது. மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1996இல். ஒரு மகன் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து தேடியது எங்கள் வீட்டு ஜன்னல் மேடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது இனி ஜன்னல் மேடையில் கிடக்காது. பீரோவில், சாவிக்குள்.

*

மாசி. ஒரு செவ்வாய்.

நாடி 56.

தினமும் காலையில் அம்மாவின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுகிறேன். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கலாம். ஆனால் முழு நிமிஷமும் எனக்கு வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் நாங்கள் இருவரும் பேசாமல் சேர்ந்திருப்பது அந்த ஒரு நிமிஷம்தான்.

ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால் சாப்பிடுகிறாள், பத்து வருஷமாக. அது இதயத் துடிப்பைக் குறைக்கும். டோனெபெசிலும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ வாய்ப்புண்டு. அட்டினலால் எழுதியவர் ஒரு மருத்துவர், டோனெபெசில் எழுதியவர் இன்னொருவர். இருவருடைய சீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. அது என் வேலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இப்போது எல்லாச் சீட்டும் ஒரே உறையில், நோட்டோடு கட்டி வைத்திருக்கிறேன். பல் டாக்டரிடம் போனாலும் கூடவே போகும். அறுவை சிகிச்சை எதற்காவது மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால், மயக்க மருத்துவருக்கு இந்த மாத்திரையைப் பற்றி முதலிலேயே சொல்ல வேண்டும். தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சில மருந்துகளின் வேலை இதனால் நீண்டுவிடும்.

50க்குக் கீழே போனால், மயக்கம் வந்தால், மலம் கறுத்துப் போனால் காத்திருக்காமல் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் இல்லாத நேரத்தில் வேறு யாராவது படிக்கட்டும்.

*

மாசி. சளி பிடித்த நாட்கள்.

மருந்துக்கடையில் சளிக்கு மாத்திரை கேட்டேன். அட்டையிலிருந்து நாலு வெட்டிக் கொடுத்தார்கள். "சாதாரண மாத்திரைதாங்க்கா, எல்லாரும் போடறதுதான்."

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். குளோர்பெனிரமின். உடனே போன் செய்தேன். கொடுக்காதீர்கள் என்றார் மருத்துவர்.

எந்த அசிட்டைல்கோலினைக் காப்பாற்ற ராத்திரி மாத்திரை கொடுக்கிறோமோ, அதே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பது இந்தச் சளி மாத்திரை. ஒருத்தி குனிந்து கோலம் போட்டுக்கொண்டே போக, இன்னொருத்தி பின்னாலேயே பெருக்கிக்கொண்டு வருவதுபோல. சளி, அரிப்பு, தூக்கம், மனச்சோர்வு, நடுக்கம் இவற்றுக்குக் கொடுக்கும் பழைய மருந்துகளில் பல இந்த ரகம். நல்ல ஞாபகம் உள்ள முதியவர்களையே குழப்பிவிடக்கூடியவை.

இன்னொன்றும் சொன்னார், அது என்னை அதிகம் பாதித்தது. டோனெபெசிலால் சிலருக்கு மூத்திரம் அடக்க முடியாமல் போகும். வீட்டார் அதை வயசுக் கோளாறு என்று நினைத்து வேறொரு மருத்துவரிடம் போவார்கள். அவர் ஆக்ஸிபியூட்டினின் எழுதுவார். அதுவும் பெருக்குகிற ரகம். குழப்பம் கூடும். நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டி மூன்றாவதாக ஒரு மாத்திரை வரும். யாரும் தப்பு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்ததற்கு வைத்தியம் பார்த்தார்கள். முதல் மாத்திரையைத் தொடங்கிய தேதியையும் மூத்திரம் போக ஆரம்பித்த தேதியையும் அடுத்தடுத்து எழுதிவைத்த ஒரு தாள் இருந்திருந்தால் போதும்.

சென்ற கார்த்திகையில் அம்மா பாயை நனைத்தபோது நான் அவளைக் கோபித்துக்கொண்டேன். அது மாத்திரையின் அளவைக் கூட்டிய மாதம். இப்போது தேதியைப் பார்த்தால் தெரிகிறது.

சளிக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன், ஆவி பிடிக்கவைத்தேன். ஐந்து நாளில் போயிற்று.

*

பங்குனி.

அட்டையை வெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டேன். வெட்டிய துண்டில் பெயர் பாதி இருக்கும், காலாவதித் தேதி இருக்காது. முழு அட்டையாக வாங்கினாலும் தேதி இருக்கும் முனையைக் கடைசியில்தான் பிரிக்கிறேன்.

கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் கம்பெனி வைத்த பெயரைப் பார்ப்பதில்லை, மருந்தின் பெயரைப் பார்க்கிறேன். இந்த மாதம் அல்சைமருக்கே மெமான்டின் என்ற இன்னொரு மாத்திரையையும் சேர்த்தார்கள். வாரம் 5 மி.கி. கூட்டி 20 வரை போகும் மருந்து. அதற்கு முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். டோனெபெசிலும் மெமான்டினும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரையும் கிடைக்கிறது. நாளைக்கு அதற்கு மாற்றினால், பழைய தனி மாத்திரையை வீட்டை விட்டே அப்புறப்படுத்த வேண்டும். வெவ்வேறு பெயர்களில் ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போவது அப்படித்தான் நடக்கிறது.

*

பங்குனி. ஆஸ்பத்திரி பெஞ்சு.

பக்கத்தில் ஒரு அம்மாள். கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். அவருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையாம், வயிறு தாங்கவில்லை. ரிவாஸ்டிக்மின் பேட்ச் ஒட்டுகிறார்களாம்.

"முதுகுலதான் ஒட்டுவேன். மத்த எடத்துல ஒட்டினா பிச்சிடுவாரு" என்றார். தினமும் ஒரே நேரத்துக்கு மாற்ற வேண்டும். பழையதை எடுத்த பிறகுதான் புதியது. ஒட்டின இடத்திலேயே 14 நாளைக்கு மறுபடி ஒட்டக் கூடாது, தோல் புண்ணாகிவிடும். எண்ணெய், பவுடர் எதுவும் அங்கே படக் கூடாது. கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போட வேண்டும், கையைக் கழுவ வேண்டும். மூன்று நாளுக்கு மேல் ஒட்டாமல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் பிள்ளை வளர்க்கிற பக்குவம் சொல்வதுபோல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு நாள் பழசை எடுக்க மறந்துட்டேன். ரெண்டு ஒட்டியிருந்துச்சு. குளிப்பாட்டறப்பதான் பார்த்தேன்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பழைய பேட்ச்சைக் கழற்றாமல் மேலும் மேலும் ஒட்டி உயிர் போனதும் உண்டு என்று எனக்குத் தெரியும், அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும். பேட்ச்சின் மேலேயே பேனாவால் தேதி எழுதும் பழக்கம் அன்றிலிருந்து அவருக்கு வந்ததாம்.

*

சித்திரை.

அம்மாவுக்குக் கனவுகள். இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "துலாக்கட்டத்துல பிள்ளைங்கள்லாம் எறங்கிடுச்சு, பாப்பா. எண்ணிப் பாரு. ஒண்ணு கொறையுது" என்றாள். நடுங்கினாள். மூன்று ராத்திரி தொடர்ந்து அதே காவிரி, அதே குறைகிற பிள்ளை.

டோனெபெசில் சிலருக்கு இப்படிக் கனவைக் கூர்மையாக்கும் என்று மருத்துவர் சொன்னார். மாத்திரையை ராத்திரியிலிருந்து காலைக்கு மாற்றினோம். ஒரு வாரத்தில் கனவு நின்றது.

நல்லதுதான். ஆனாலும் அந்த மூன்றாம் ராத்திரி நான் அவளோடு சேர்ந்து பிள்ளைகளை எண்ணினேன். முப்பத்தொன்று வரை எண்ணினோம். யாரும் குறையவில்லை என்றேன். படுத்துக்கொண்டாள்.

*

வைகாசி.

கன்னத்துக்குள் அடக்கிவைத்துப் பிறகு துப்புகிறாள். பாய்க்கு அடியில் மூன்று மாத்திரை கிடைத்தது.

பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்துவிடு, தெரியவா போகிறது என்றார்கள் சொந்தக்காரர்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கலாகாது. மெதுவாகக் கரைவதற்கென்று செய்ததைப் பொடித்தால் ஒரு நாள் அளவு ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். அது போகட்டும். ஒரு நாள் சோற்றில் கசப்புத் தட்டினால், அம்மா அதற்குப் பிறகு என் கையால் சாப்பிடுவாளா? அவளுக்கு எங்கள் பெயர் மறந்துபோகலாம். நான் கொடுக்கும் சோறு சோறுதான் என்ற நம்பிக்கை போய்விடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னோம். நாக்கில் வைத்தாலே கரையும் டோனெபெசில் இருக்கிறது, அதை எழுதிக் கொடுத்தார்.

*

வைகாசி. சாயங்காலம்.

பொழுது சாய்ந்தால் அம்மாவுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். இதுதான் வீடு என்றால் கோபம் வருகிறது. கதவைத் தட்டுகிறாள். பார்க்க வந்த ஒருவர், அவருடைய மாமியாருக்குக் கொடுத்த மாத்திரையின் பெயரைச் சொன்னார். போட்டால் அமைதியாகப் படுத்துக்கொள்வார்களாம்.

வாங்கிவிடலாமா என்று எனக்கு இருந்தது. மறைக்கவில்லை. நான்கு மாதமாக முழுசாக ஒரு ராத்திரி தூங்கவில்லை.

அது மனநோய்க்குக் கொடுக்கும் மருந்து. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. வேறு வழியில்லாதபோது, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு மருத்துவர் கொடுப்பது வேறு. பக்கத்து வீட்டுப் பெயரைக் கேட்டு வாங்கிப் போடுவது வேறு. அந்த அமைதி யாருக்கு வேண்டியிருக்கிறது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். எனக்குத்தான். அப்படியானால் தூக்கம் தேவைப்படுவது எனக்கு, மாத்திரை போக இருந்தது அவளுக்கு.

அண்ணனிடம் கேட்டேன். மாதத்தில் ஒரு வாரம் வந்து இருக்கிறேன் என்றான். வருகிறான். நோட்டில் அவன் எழுத்தும் இருக்கிறது.

*

ஆனி.

அண்ணன் புது மருந்துச் செய்தி ஒன்றை அனுப்பினான். லெக்கனெமாப். 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது, ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும். மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வருகிறதா என்று அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். அம்மா அந்த நிலையைத் தாண்டிவிட்டாள். செய்தியை இரண்டு முறை படித்துவிட்டு வைத்துவிட்டேன்.

*

ஆனி. மழை.

1901இல் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனைக்கு அகஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அம்மாவின் நோய்க்குப் பெயர் தந்த அலோய்ஸ் அல்சைமர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டு, அவள் சொன்ன பதிலைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார். 1906இல் அவள் இறந்தாள். அந்த வருஷமே டூபிங்கனில் அவர் அவளுடைய மூளையில் கண்டதைப் பேசினார். அந்தப் பதில்களை எழுதிவைத்த கோப்பு, காணாமல் போயிருந்தது, 1995இல் பிராங்க்பர்ட்டிலேயே கிடைத்தது.

அதில் ஒரு மத்தியானம். அவள் காலிஃப்ளவரும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறார். பசலைக்கீரை என்கிறாள். அல்சைமர் தட்டில் இருந்ததையும் எழுதினார், அவள் சொன்னதையும் எழுதினார். ஒன்றை வைத்து இன்னொன்றை அடிக்கவில்லை.

என் நோட்டில் ஐந்து கட்டம்தான் இருக்கிறது. என்ன கொடுத்தேன், எப்போது கொடுத்தேன், எத்தனை துடித்தது. அம்மா என்ன சொன்னாள் என்பதற்கு அவற்றில் இடமில்லை. மாட்டுப் பொங்கல் ராத்திரிக்கே நோட்டு இருந்திருந்தாலும், அவளுடைய பேச்சு அதில் ஏறியிருக்காது.

அடிக்கோலை எடுத்து ஆறாவது கட்டம் போட்டேன். *அம்மா சொன்னது.*

*

ஆடி. இன்று காலை.

டப்பாவோடு போனேன். "இப்பத்தானே போட்டேன்" என்றாள்.

இல்லை என்று சொல்லவில்லை. நோட்டைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். நேற்றைய வரி, முந்தாநாள் வரி, இன்றைய தேதி. தேதிக்கு அடுத்து எல்லாம் காலி. பரீட்சைத் தாள் திருத்துகிறவள்போல் ஆள்காட்டி விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். காலிக் கட்டத்தில் விரல் நின்றது.

"எழுதலையே" என்றாள்.

"எழுதலம்மா."

கையை நீட்டினாள். மாத்திரையை நாக்கில் வைத்துக் கரையும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவைக் கேட்டாள்.

ஆடி 9. காலை 8.10. டோனெபெசில் 10. கொடுத்தவர்: பாப்பா. நாடி 62. அம்மா சொன்னது: எழுதலையே. பக்கத்தில் அவள் கையால் ஒரு சரி அடையாளம், வால் நீண்டு வலப்பக்கம் வரை வந்திருக்கிறது.